ஐசப்போர்ட்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தினருக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய இணையவழிப் பயிற்சித் திட்டம். ஐந்து பகுதிகள், 23 பாடங்கள் கொண்டது. நோயை அறிமுகப்படுத்த ஒரே பாடம். நடத்தை மாற்றங்களைக் கையாளப் பத்துப் பாடங்கள். வீட்டாரை உண்மையில் நிலைகுலைய வைப்பது எது என்று அறிந்து செய்த பங்கீடு இது. பணத்தைத் திருடிவிட்டதாகப் பெற்ற மகளையே சந்தேகிப்பது, இரவெல்லாம் தூங்காமல் நடமாடுவது, வெளியே போய் வழிதவறுவது போன்ற சூழல்களைச் சொல்லி, ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, விடைக்கேற்ப விளக்கம் தருவது இதன் பாணி. பராமரிப்பவர் தம்மைக் கவனித்துக்கொள்வதற்கான பகுதியைக் கடைசிக்குத் தள்ளாமல் மூன்றாவதாக வைத்தது மிகச் சரியான முடிவு.

இந்தியாவில் இது பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் வழியாகச் சோதிக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பலர் இடையிலேயே நின்றுவிட்டனர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாள் முழுதும் ஒருவரைக் கண்பார்வையிலேயே வைத்திருப்பவருக்குத் திரைமுன் உட்கார நேரம் வாய்ப்பதே அரிது. பயிற்சியால் பராமரிப்பவர்களின் மனச்சோர்வும் பராமரிப்புச் சுமையும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் நோயாளியை அணுகும் மனப்பாங்கு மேம்பட்டது. இணைய வசதி இல்லாதவர்களுக்காக இப்பாடங்கள் 2019-இல் அச்சிட்டுப் படிக்கத்தக்க கையேடாகவும் வெளிவந்தன.