வான் பாய்கிறது

மழைக்காலத்தில் இலங்கை மலையகத்தின் இறம்பொடைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் சொல் ‘வான்கதவு’. கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவைத் திறந்துவிட்டார்கள், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் கவனம் என்று செய்தி சொல்லும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், ஆகாயத்துக்கு ஏது கதவு என்று விழிப்பார். அவருக்கு வான் என்றால் ஆகாயம், மழை. இலங்கைத் தமிழில் குளத்தில் மிஞ்சிய நீர் வழிந்தோடும் வாய்க்கும் அதுவே பெயர்.

அந்த வாய்க்குத் தொடக்கத்தில் கதவே இல்லை. மண்ணால் கட்டிய சின்னக் குளக்கட்டின் ஓர் ஓரத்தைக் கட்டைவிடத் தாழ்த்தி, கல் பாவி விடுவார்கள். நீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் தானாக வழியும். ‘குளம் வான் பாயுது’ என்பார்கள். மண்கட்டுக்கு உயிர்நாடி இதுதான். கட்டின் மேலே நீர் ஏறி வழிந்தால் மண் அரிபட்டு, கட்டே உடைந்துபோகும்.

இதையே தமிழ்நாட்டில் கலிங்கு என்பார்கள். நெல்லைச் சீமையில் மறுகால். மலையகத் தோட்டத்து மக்களின் முன்னோர் புறப்பட்டு வந்த ஏரி, கண்மாய் ஊர்களின் சொற்கள் அவை. இங்கே செய்தியில் நிலைத்தது வான். சிங்களத்திலும் அது ‘வான’தான், வான்கதவு ‘வான் தொரட்டுவ’. ஒரே சொல் இரண்டு மொழியிலும் ஓடுகிறது.

வானுக்கு இன்னொரு பயனும் உண்டு. இலங்கையின் வறண்ட வலயத்தில் பெரிய குளத்துக்கு மேலே, காட்டுக்குள், ‘குளுவெவ’ என்று சிறு குளம் கட்டுவார்கள். அது பாசனத்துக்கு அல்ல. வண்டல் அங்கே தங்கும். காட்டு விலங்குகள் தண்ணீர் குடிக்கும். வயலுக்கு நீர் பாய்ச்சாததால் மீனுக்கும் கொக்குக்கும் அது நிம்மதியான இடம். அதன் வான் பாயும் நாளில் கீழ்நீரில் கிடந்த மீன் எதிரேறி வரும். ஆகவே வான் நீரை வெளியேற்றும் வழி மட்டுமல்ல, மீன் ஏறும் வழியும்கூட.

1985இல் திறந்த கொத்மலை அணை 87 மீட்டர் உயரம். கல் நிரப்பிக் கட்டியது, இரும்புக் கதவு வைத்தது. என்றாலும் சின்னக் கட்டின் சொல்லே அதற்கும் போதுமாக இருந்தது.

சின்னக் குளங்களில் கூடுதலாக நீர் பிடிக்க ஆசைப்பட்டு வானை மண்மூட்டையால் அடைக்கிறவர்கள் உண்டு. அது கட்டை உடைக்கும் வேலை. மழைக்கு முன்பே வானில் கிடக்கும் செத்தையை வாரிவிடுங்கள்.