ஏ. ரேவதி: எழுத்தும் மேடையும்

ஏ. ரேவதி தமிழின் முன்னோடித் திருநங்கை எழுத்தாளர்களுள் ஒருவர்; நாடகக் கலைஞர்; மனித உரிமைச் செயற்பாட்டாளர்.

வரலாற்றுப் பின்னணி

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம், திருநங்கையரையும் பதிவேட்டில் சேர்த்துக் கண்காணிக்க வழிசெய்தது. அவ்வாறு பதிவு செய்யப்பட்டவர்கள் பொது இடத்தில் பெண்ணுடை அணிவதும், ஆடிப்பாடுவதும் தண்டனைக்குரிய குற்றங்கள். வட இந்தியப் பகுதிகளில் நடைமுறையில் இருந்த இச்சட்டத்தின் பதிவேடுகளில் திருநங்கையரைப் பற்றிப் பிறர் எழுதியதே உண்டு. அவர்களுடைய சொல் இல்லை. அந்தக் குறையை நிரப்பியதே ரேவதியின் பணி.

வாழ்க்கை

நாமக்கல் பகுதிக் கிராமம் ஒன்றில், ஆண் பிள்ளையாகக் கருதப்பட்டு வளர்ந்தார். சிறு வயதில் ஊர் மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேடம் கட்டியதைத் தம் நூலில் விவரித்துள்ளார். வேடமாக இருந்தவரை ஊர் அதை ரசித்தது. அதுவே தம் இயல்பு என்று அவர் வாழத் தலைப்பட்டபோது வீட்டில் அடி விழுந்தது. வீட்டை விட்டு வெளியேறி டெல்லியிலும் மும்பையிலும் திருநங்கையர் குழுக்களுடன் வாழ்ந்தார். பின்னர் பெங்களூரில், பாலியல் சிறுபான்மையினருக்காக இயங்கும் சங்கமா அமைப்பில் பணியாற்றினார்.

நூல்கள்

முதல் நூலில் அவர் தம் கதையைச் சொல்லவில்லை. 2004இல் வெளிவந்த ‘உணர்வும் உருவமும்’ பல திருநங்கையரின் வாழ்க்கையை அவரவர் வாய்மொழியிலேயே தருகிறது. தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது 2008இல். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014இல். நூலோ இவ்விரண்டுக்கும் முற்பட்டது.

அவரது தன்வரலாறு, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்தது. தமிழில் எழுதப்பட்ட மூலம் ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் அடுத்த ஆண்டுதான் தமிழ் வாசகர் கைக்கு வந்தது.

மேடை

‘வெள்ளை மொழி’, அ. மங்கையின் இயக்கத்தில் தனிநபர் நாடகமானது. ரேவதியே அதில் நடித்தார். திருவிழாவில் வேடத்துக்குள் ஒளிந்திருந்தவர், இம்மேடையில் தம் பெயரிலேயே பேசினார்.

உலக அங்கீகாரம்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலக முகப்பில் ஹோமர், பிளேட்டோ முதலிய ஆண்களின் பெயர்களே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 1989இல் மாணவியர் அதற்கு மேலே பெண் எழுத்தாளர்களின் பெயர்கள் கொண்ட பதாகையைக் கட்டினர். அதன் தொடர்ச்சியாக 2019இல் அமைந்த பதாகையில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ ஆகியோருடன் ரேவதியின் பெயரும் இடம்பெற்றது.

திருநங்கையர் வரலாற்றைக் கற்கும் மாணவர்கள் சட்டங்களையும் தீர்ப்புகளையும் படிப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அவற்றுக்கு உட்பட்டு வாழ்ந்தவர்களின் சொல்லையும் முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும். அதற்கு ரேவதியின் இவ்விரு நூல்களும் நல்ல தொடக்கம்.