பொத்துவில்: தவளமும் தயிர்ச் சட்டியும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே நீளும் கடற்கரை வீதியும், மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாக ஊவாவிலிருந்து இறங்கிவரும் வீதியும் சந்திக்கும் இடம் பொத்துவில். முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவும், தமிழரும் சிங்களவரும் அவர்களோடு சேர்ந்தும் வாழும் ஊர் இது. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்கோடியாக இருந்தது. நிர்வாகத்துக்கு எல்லை, வணிகருக்கும் யாத்திரிகருக்கும் நடுவழி.

இந்த வழி பழையது. உள்ளே லகுகலையில் மகுல் மகா விகாரை, கடலோர மணல்மேட்டில் முகுது மகா விகாரையின் கற்தூண்கள் என முற்காலச் சின்னங்கள் இரு புறமும் கிடக்கின்றன. பண்டைய அரசி விகாரமகாதேவி கடலில் மிதந்து வந்து கரையேறியது இங்கேதான் என்பது ஒரு மரபு. தெற்கே கிரிந்தையும் அதே பெருமையைக் கோருகிறது.

கீழ்க்கரையில் முஸ்லிம் குடியிருப்புகள் பெருகியதற்கு 1626 ஒரு முக்கிய ஆண்டு. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். ஏற்கெனவே அங்கிருந்தவர்களோடும் தமிழ் அயலவரோடும் கலந்து வாழ்ந்ததில் தாய்வழிக் ‘குடி’ முறை இவர்களிடமும் நிலைத்தது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இன்றும் இவ்வட்டாரத்தில் இதுவே வழக்கம்.

பழைய பிழைப்பில் தவளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதுகில் பொதி ஏற்றிய மாடுகளை வரிசையாக ஓட்டிச் செல்லும் வணிகம் அது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே போயின. பாக்கும் மிளகும் மெழுகும் கீழே வந்தன. வண்டி போகாத காட்டுப் பாதையில் மாடு போகும். ஒல்லாந்தர் 1766 உடன்படிக்கையால் கரை முழுவதையும் தம் கையில் எடுத்த பின் கண்டி அரசுக்கு உப்பு தரும் கடல் சொந்தமாக இல்லை. தவளக்காரரின் முக்கியத்துவத்தை இதிலிருந்து ஊகிக்கலாம். பின்னர் வந்த ஆங்கிலேயரும் இதை அறிந்திருந்தனர். உள்நாட்டு வெல்லஸ்ஸப் பகுதியின் முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக (தலைமை அதிகாரியாக) அவர்கள் நியமித்தது, தம் அதிகாரம் குறைவதாகக் கருதிய உள்ளூர்ச் சிங்களத் தலைவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1817இல் மூண்ட ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சிக்கு இந்த நியமனமும் ஒரு காரணம். கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்துக் கொன்றனர். தொடர்ந்த அடக்குமுறையில் வெல்லஸ்ஸவின் வயல்களும் குளங்களும் கால்நடைகளும் அழிந்தன. அத்தனை அழிவைக் கண்ட உள்நாட்டோடு நடந்த வணிகம் பழையபடி இருந்திருக்க முடியாது.

அந்தக் கொடுக்கல் வாங்கலின் சுவையை இன்றும் உணரலாம். எருமைத் தயிரை மண்சட்டியிலேயே உறைய வைத்து, வாயைத் தாளால் மூடிக் கட்டி, வீதியோரக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். சட்டியைச் சாய்த்தாலும் தயிர் அசையாது. மேலே ஆடை தடித்திருக்கும். அதன்மேல் ஊற்றுவது கித்துள் பாணி. எருமை மேய்வது கரையோரப் புல்வெளியில். கித்துள் வளர்வது ஈரமான மலைச்சரிவில். இரண்டும் ஒரே கோப்பையில் சேர்ந்தது இந்த வீதிகளால்தான். கடல் தரும் சாப்பாடு தனி. கரைவலை மீன் அன்றன்றே கறியாகும், மிஞ்சியது கருவாடாகும். தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்கு, மேற்குக் கடல்கள் கொந்தளிக்கும்போது அந்தக் கரைகளின் மீனவர் கிழக்கே வந்து வாடி அடித்துத் தொழில் செய்வதும் நெடுநாள் வழக்கம்.

அதே பருவத்தில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை பொத்துவிலைக் கடந்து உகந்தை முருகன் கோயிலை அடைகிறது. அதற்கப்பால் குமண, யால காடுகள்தான்.

அந்தக் காற்றே வெளிநாட்டாரையும் கொண்டுவந்தது. தென்மேற்குக் காற்று கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. தெற்கிலிருந்து வரும் அலை முனையைச் சுற்றி வளைந்து நீளமாக, ஒழுங்காக உடைகிறது. இதைக் கண்டுகொண்ட அலைச்சறுக்கல்காரர்கள் 1970களிலிருந்து பொத்துவிலின் அறுகம்குடாவுக்கு வரத் தொடங்கினர். உள்நாட்டுப் போர் அந்த வரவைக் குறைத்தது. 2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலை கடலோரக் குடியிருப்புகளை அழித்து, அறுகம் களப்புப் பாலத்தையும் சிதைத்தது. புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. 2019இல் இங்கே சர்வதேச அலைச்சறுக்கல் போட்டி நடந்தது.

பயண நூல்கள் பெரும்பாலும் பாலத்துக்குத் தெற்கே உள்ள அந்தக் குடாவோடு நின்றுவிடுகின்றன. உல்லை என்று ஊரார் அழைக்கும் அப்பகுதி பொத்துவில் பிரதேசத்தின் ஒரு பங்கு மட்டுமே. சந்தையும் பள்ளிவாசல்களும் பழைய வீதிச் சந்தியும் பாலத்துக்கு வடக்கே இருக்கின்றன.