கட்ச் வறண்ட மண்ணில் அகதிகளுக்காக எழுந்த திட்டமிட்ட நகரம்: காந்திதாம்

குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தின் உவர் நிலத்தில் அமைந்துள்ள காந்திதாம், நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்களுக்காகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட நகரமாகும்.

1947-இல் பஞ்சாபும் வங்காளமும் பிரிக்கப்பட்டன. சிந்து முழுமையாகப் பாகிஸ்தானுடன் இணைந்தது. இதனால் இந்தியா வந்த சிந்தி இந்துக்களுக்குத் தமக்கென ஒரு மாநிலம் இல்லாமற்போனது. இந்நிலையில், காந்தியடிகளின் வேண்டுகோளை ஏற்று கட்ச் மன்னர் மகாராவ் விஜயராஜ்ஜி 15,000 ஏக்கர் நிலம் வழங்கினார். தொழிலதிபர் பாய் பிரதாப் முன்முயற்சியில் 1948-இல் சிந்து மறுகுடியமர்வுக் கழகம் தொடங்கப்பட்டது. முதலில் சர்தார்கஞ்ச் எனப்பட்ட நகருக்குப் பின்னர் காந்தியடிகளின் பெயர் சூட்டப்பட்டது. அருகிலுள்ள ஆதிபூரில் அவரது நினைவிடம் அமைந்துள்ளது.

துறைமுகம் தந்த வாழ்வு

கராச்சித் துறைமுகம் பாகிஸ்தான் வசமானதால், அதற்கு மாற்றாகக் காண்ட்லா துறைமுகத்தை மத்திய அரசு உருவாக்கியது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1955-இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1965-இல் நாட்டின் முதல் ஏற்றுமதி மண்டலமும் இங்கு தொடங்கப்பட்டது. துறைமுகம், உப்பளம், மர வணிகம், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றை நாடி ராஜஸ்தான், பஞ்சாப், பீகார், தென் மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். சிந்தி, கட்ச்சி, குஜராத்தி, இந்தி எனப் பல மொழிகள் புழங்கும் நகராக அது மாறியது.

1998 ஜூன் மாதம் வீசிய புயலில் தாழ்வான கடலோரக் குடிசைகளில் வசித்த உப்பளத் தொழிலாளர்களும் துறைமுகக் கூலித் தொழிலாளர்களும் பெருமளவில் உயிரிழந்தனர். திட்டமிட்ட நகரின் எல்லைக்கு வெளியே வாழ்ந்தோரின் பாதுகாப்பின்மையை அப்பேரிடர் வெளிப்படுத்தியது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்திலும் நகரம் கடும் சேதமடைந்தது.

மொழியும் நில உரிமையும்

1967-இல் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் சிந்தி சேர்க்கப்பட்டது. எனினும், தனி மாநிலம் இல்லாத அம்மொழியை இளந்தலைமுறையிடம் கொண்டு சேர்ப்பது சவாலாகவே உள்ளது. ஆதிபூரில் இயங்கும் இந்திய சிந்தியியல் நிறுவனம் அப்பணியில் ஈடுபட்டுள்ளது. நகர மனைகள் குத்தகை அடிப்படையில் வழங்கப்பட்டதால், அவற்றை முழு உரிமையாக மாற்றித்தர வேண்டும் என்பது குடியிருப்போரின் நெடுநாள் கோரிக்கையாக இருந்து வந்துள்ளது. வீடிழந்து வந்தவர்களுக்கு நில உரிமை என்பது வெறும் ஆவணம் அன்று.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் வசித்த காந்திதாம், 2025 ஜனவரியில் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது குறிப்பிடத்தக்கது.