ஒரு காயிலின் கதை: இ-சிகரெட்டுக்கு மட்டும் ஏன் ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை?

போன பதிவைவிட இது கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடிநாயக்கனூரில் உதிரி பாகம் கிடைக்காத சாமான் என்று எதையாவது சொல்லச் சொன்னால் யோசிக்கத்தான் வேண்டும். ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கு வாஷரும் நாசிலும் கிடைக்கும். மலை ஏறுகிற ஜீப்புக்கு எந்த வருஷத்துப் பாகமும் எங்காவது ஒரு கடையில் தூசி படிந்து கிடக்கும். மிக்ஸி, குக்கர், ஹாஸ்டல் பசங்க வார்டனுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் காயில் அடுப்பு என்று எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. பொட்டிபுரத்திலும் ராசிங்கபுரத்திலும் இருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் பழைய பாகத்தைக் கையில் கொண்டுவந்து காட்டி "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப் போவார்கள். புதுசு வாங்குவது கடைசி வழிதான்.

ஆனால் ஒரு குண்டூசிக் கனத்தில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதை விற்றால் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது இ-சிகரெட்டின் காயில். முழுக் கருவியை விற்றால் குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பாகத்தைத் தனியாக விற்றாலும் அதே குற்றம், அதே தண்டனை என்று சட்டத்திலேயே எழுதியிருப்பது பலருக்குத் தெரியாது. காமர்ஸ் படிக்கிற எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இந்த இடம்தான். ஒரு உதிரி பாகத்தின் பெயரில் சட்டம் எழுதும் அளவுக்கு அது எப்படி வளர்ந்தது?

சுருள் கம்பியின் கதை சிகரெட்டை விட்டு வெகு தூரத்தில் தொடங்குகிறது. 1906ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் நிக்ரோம். சிவக்கச் சிவக்கச் சூடானாலும் சீக்கிரம் அரித்துப்போகாது. டோஸ்டர், அயர்ன் பாக்ஸ், காயில் அடுப்பு எல்லாம் அதன் பிள்ளைகள். பிறகு ஸ்வீடனில் இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்து இன்னொரு கம்பி வந்தது. அதன் பெயர் காந்தல். (ஆமாம், அதேதான்! சோறு அடிப்பிடித்தால் நாம் சொல்லும் அதே சொல். ஸ்வீடன்காரருக்கும் நமக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்டுபிடித்தவர் பெயர் ஹான்ஸ் ஃபான் காந்த்சோவ். ஆனால் பொருத்தம் எப்படி என்று கொஞ்சம் கழித்துப் பாருங்கள்.)

1963ல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையிலை இல்லாத, எரியாத சிகரெட் ஒன்றுக்கு விண்ணப்பித்து, 1965ல் காப்புரிமை வாங்கினார். பழைய இரும்பு வியாபாரம் செய்தவர். கருவி சந்தைக்கு வரவே இல்லை. அந்தக் காலத்தில் சிகரெட் கம்பெனிகளுக்கு அதில் என்ன அக்கறை இருந்திருக்கும்?

நாற்பது வருஷம் கழித்து சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுநர் அதே யோசனைக்கு வந்தார். அவரே கடும் புகைப்பழக்கம் உள்ளவர். அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். 2003ல் அவர் செய்த முதல் கருவியில் திரவத்தை ஆவியாக்கியது சுருள் அல்ல, மீயொலி அதிர்வு. 2004ல் சீனாவில் விற்பனைக்கு வந்தது. கொஞ்ச காலத்தில் எல்லாரும் மின்சுருளுக்கு மாறிவிட்டார்கள். செலவு குறைவு, செய்வது எளிது. 2013ல் இம்பீரியல் டொபாக்கோ அந்தக் காப்புரிமைகளை 7.5 கோடி டாலருக்கு வாங்கியது. எரியாத சிகரெட்டைக் கடைசியில் வாங்கியது எரிகிற சிகரெட் விற்கிறவர்கள்தான்.

ஆரம்பக் கருவிகள் மூன்று துண்டு: பேட்டரி, ஆவியாக்கி, திரவம் நனைத்த பஞ்சுள்ள சிறு குப்பி. பஞ்சில் சில சொட்டுதான் நிற்கும். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்தபின் இழுத்தால் பஞ்சே கருகி தொண்டையைக் கமறும். நம் வீட்டு விளக்கை நினைத்துக்கொண்டால் போதும். எண்ணெய் தீர்ந்தால் திரி கருகும். ஆவியாக்கியிலும் திரி உண்டு, எண்ணெய்க்குப் பதில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைச் சரக்கு. அந்தக் கருகல் வாசனைக்குத்தான் காந்தல் என்ற பெயர் அவ்வளவு பொருத்தம் :)

இந்தத் தொல்லையைத் தீர்த்தது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. 2010ஐ ஒட்டி, கையால் நோண்டிப் பார்க்கும் ஆட்கள் சிலர் ஊசி போடும் சிரிஞ்சின் குழாயை வெட்டி, அதற்குள் துளையிட்ட ஆவியாக்கியைச் செருகினார்கள். சுற்றிலும் திரவம், நடுவில் சுருள். அதுதான் டேங்க். பார்த்ததும் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. முதலில் பிளாஸ்டிக்கில் வந்தது. எலுமிச்சை, பட்டை வாசனைத் திரவங்கள் பட்டதும் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட, கண்ணாடிக்கு மாறினார்கள். டேங்க் பிளக்கும் சரக்கை உள்ளே இழுக்கிறோமே என்று அப்போது எத்தனை பேர் யோசித்தார்களோ தெரியாது.

அடுத்த படிதான் முக்கியம். டேங்க் நீடித்து உழைக்கும், சுருளும் பஞ்சும் உழைக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் கரி படியும். ஆகவே சுருளை மட்டும் கழற்றி மாற்றும்படி செய்தார்கள். டேங்க்கையும் பேட்டரியையும் இணைக்கும் மரை '510' என்று கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகிவிட்டது. எவருடைய டேங்க்கும் எவருடைய பேட்டரியிலும் ஏறும். காயில் மட்டும் அப்படி இல்லை! ஒரு டேங்க்குக்கு அதன் கம்பெனிக் காயில்தான் பொருந்தும். பிரிண்டரைச் சல்லிசாகக் கொடுத்து மையில் சம்பாதிக்கிற வியாபாரம் நமக்குப் பாடத்திலேயே வரும். இங்கே பிரிண்டர் டேங்க், மை காயில். லாபம் வருகிற இடம் மட்டும் பொதுவாகவில்லை.

பாகம் தனித்தனியானதும் 'எதைத் தேர்ந்தெடுப்பது' என்ற கேள்வி பிறந்தது. கேள்வியின் நடுவில் இருந்தது பிளஸ் டூ பிசிக்ஸ். பேட்டரி 3.7 வோல்ட். காயிலின் மின்தடை 1.8 ஓம் என்றால் சுமார் 7.6 வாட். 0.5 ஓம் என்றால் 27 வாட்டுக்கு மேல். மின்தடை குறையக் குறைய சூடும் புகையும் ஏறும். 2014 வாக்கில் ஒரு ஓமுக்குக் கீழே போகும் டேங்க்குகள் கடைக்கு வந்துவிட்டன. வெப்பத்தைக் கட்டுப்படுத்த நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் வந்தன.

வெப்பத்தின் அருமை ஏல மலைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தும்போது சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். கூடினால் பச்சை நிறம் போகும், ஏலத்தில் விலை விழும். காயிலில் நடப்பது 200 டிகிரிக்கு மேல். அங்கே சூடு கூடினால் போவது நிறம் இல்லை. 2015ல் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள், அழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு ஏற்றியபோது ஆவியில் ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் வந்ததாகவும், 3.3 வோல்ட்டில் வரவில்லை என்றும் எழுதினார்கள். அவ்வளவு சூட்டில் யாரும் இழுக்க மாட்டார்கள், காந்தல் அடிக்கும் என்று எதிர்வாதமும் வந்தது. 2018ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பேரின் கருவிகளைச் சோதித்தார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தைவிட, காயிலைத் தொட்டபின் அதே திரவத்திலும் ஆவியிலும் ஈயம், குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்கள் அதிகம் இருந்தன. என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் பயமுறுத்துகிறது. முதல் ஆய்வுக்கு 'சூட்டைக் குறை' என்று மாற்று சொல்லலாம். இரண்டாவதில் கருவியே சரக்கில் கலக்கிறது. சுருட்டிலும் பீடியிலும் ஆயிரம் கேடு உண்டு. ஆனால் அங்கே தேய்ந்து கலக்க ஒரு பாகம் கிடையாது.

அரசாங்கங்கள் பாகத்தைக் கவனிக்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2016 மே மாதம் முதல் டேங்க்கின் கொள்ளளவு 2 மில்லிக்கு மேல் போகக்கூடாது, நிக்கோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றது. விற்கலாம், அளவோடு விற்கலாம் என்ற வழி. சிங்கப்பூர் நேர் எதிர்: 2018 பிப்ரவரியிலிருந்து வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றம்.

இந்தியாவில் முதலில் மாநிலங்கள் தனித்தனியாகத் தடை போட்டன. பஞ்சாப், கர்நாடகா, கேரளா என்று வந்து 2018ல் தமிழ்நாடும் போட்டது. 2019 மே மாதம் ஐசிஎம்ஆர் முழுத்தடை வேண்டும் என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவில் நுரையீரல் பாதிப்பு அலை ஒன்று கிளம்பியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்து 68 பேர் இறந்தார்கள். (பெரும்பாலும் கஞ்சாச் சரக்கில் கலந்த வைட்டமின் இ அசிடேட் என்ற பொருளோடு அது பிணைக்கப்பட்டது. சாதாரண இ-சிகரெட் திரவத்தின் கணக்கில் முழுதாக எழுத முடியாது.) அந்தப் பரபரப்பின் நடுவில், 2019 செப்டம்பர் 18 அன்று, மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் டெல்லியில் தடையை அறிவித்தார். அவசரச் சட்டம் வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் அதை 2019ன் 42வது சட்டமாக்கியது.

சட்டத்தின் 4வது பிரிவைப் படித்துப் பாருங்கள். உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விநியோகம் எல்லாம் தடை. முழுப் பொருளாக இருந்தாலும் சரி, அதன் எந்தப் பாகமாக இருந்தாலும் சரி. திரவத்தில் நிக்கோட்டின் இல்லை என்று தப்பிக்கவும் வழியில்லை, இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இ-சிகரெட்தான். 'பயன்படுத்துதல்' என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. சேமித்து வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே செப்டம்பரில் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் போட்ட இறக்குமதித் தடை அறிவிப்பில் ஆவியாக்கி, ரீஃபில் பாட், கேட்ரிட்ஜ் என்று பாகங்களைப் பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள்.

எழுதியவர்கள் வியாபாரம் தெரிந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கருவியை மட்டும் தடுத்திருந்தால் டேங்க் தனியாக, காயில் தனியாக, பேட்டரி 'டார்ச் லைட்டுக்கு' என்று பார்சல் வந்திருக்கும். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவருக்குக் காயில் கிடைக்காமல் போனால் கருவி ஒன்றிரண்டு மாதத்தில் வெறும் குழாய்தான்.

சிகரெட்டை விட்டுவிட்டு இதை மட்டும் தடுப்பானேன் என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஐடிசியில் எல்ஐசி வைத்திருக்கும் பங்குகளைச் சுட்டிக்காட்டியும் பேசினார்கள். 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகையிலை உபயோகிப்பவர்கள் சுமார் 26.7 கோடிப் பேர். அந்தக் கேள்விக்கு யாரும் திருப்தியான பதில் சொன்னதாக நான் படிக்கவில்லை. ஆனாலும் ஒரு கேடு ஊரில் ஊன்றிவிட்டது என்பதற்காக இன்னொன்றையும் ஊன்றவிட வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. குட்காவைத் தமிழ்நாடு 2013ல் தடை செய்தும் அது படும் பாட்டைப் பார்க்கிறோமே!

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டம் பாகத்தைப் பிடித்த நேரத்தில் உலகச் சந்தை பாகத்தையே கைவிட்டுக்கொண்டிருந்தது. 2015ல் ஜூல் வந்தது. காயிலும் திரவமும் சேர்ந்த சின்ன பாட், தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். 2020 பிப்ரவரியில் அமெரிக்கா வாசனை சேர்த்த பாட்களைத் தடுத்தபோது, ஒருமுறை உபயோகித்து எறியும் கருவிகளை விட்டுவிட்டது. சந்தை அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. அதில் திருகு இல்லை, மரை இல்லை, டேங்க்கைத் திறக்க முடியாது. இன்று நம் ஊர்ப் பக்கம் திருட்டுத்தனமாகப் பேனா மாதிரியும் பென்டிரைவ் மாதிரியும் கைமாறுகிறதே, அதெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். உள்ளே எந்தக் கம்பி, எத்தனை ஓம், திரவத்தில் நிக்கோட்டின் எவ்வளவு என்று வாங்குகிறவன் பார்க்க வழியே இல்லை. உறையில் அச்சடித்ததை நம்ப வேண்டும். தடை செய்த சரக்கு என்பதால் அதைச் சோதிக்கிற அலுவலகமும் இல்லை. நம் வகுப்புப் பையன்கள் சிலர் 'சிகரெட் இல்லடா, வெறும் ஆவி' என்று சொல்லும்போது கேட்க வேண்டியது இதைத்தான்: உள்ளே இருக்கிற சுருளைக் கழற்றிக் காட்ட முடியுமா?

2022ல் உலகச் சுங்க அட்டவணை இ-சிகரெட்டுக்கென்றே 8543.40 என்று தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன் பலதரப்பட்ட மின்கருவிகளோடு ஒன்றாகக் கிடந்த சரக்கு அது. 2025 ஜூன் 1 அன்று பிரிட்டன் ஒருமுறை கருவிகளைத் தடை செய்தது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? பார்வைக்கு அச்சு அசல் அதே கருவி, ஆனால் அடியில் சார்ஜ் போட ஒரு துளை, மேலே கழற்றி மாற்ற ஒரு பாட் என்று கொண்டுவந்துவிட்டார்கள். உதிரி பாகம் மறுபடி கடைக்கு வந்துவிட்டது. அங்கே இப்போது அந்தப் பாட் தனியாக விற்பனையில் இருக்கிறது. இங்கே அதே பாட் 4வது பிரிவில் 'எந்தப் பாகமும்' என்ற இரண்டு சொல்லுக்குள் அடக்கம்.