அயர்லாந்து இசைத்தட்டும் தோட்டத்துப் பாட்டும்



வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் அரசர்களின் பட்டியலும் நம் நினைவுக்கு வருகின்றன. பாட்டை ஒரு வரலாற்றுச் சான்றாக நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் தம் வாழ்வை வேறு எதில் எழுதி வைத்திருக்க முடியும்? இக்கேள்வி நமக்கு எழுந்தது ஓர் இசைத்தட்டைக் கேட்டபோதுதான். எனவே அந்த இசைத்தட்டிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பேராக் மாநிலத்தின் அரச நகரமாகிய கோலா கங்சாரில், ஆற்றுக்கு அருகிலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டில் கூடியிருந்தோம். பழைய இசைத்தட்டுகளைச் சேர்ப்பதில் அவருக்குத் தணியாத ஆசை. அன்று அவர் சுழலவிட்டது அயர்லாந்து நாட்டுப்புறப் பாடல்கள் அடங்கிய தட்டு. ஆலன் லோமாக்ஸ் என்னும் அமெரிக்கர், 1951-ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியுடன் அயர்லாந்துக்குச் சென்று, ஷேமஸ் எனிஸ் என்னும் அந்நாட்டு இசைஞரின் துணையோடு ஊர் ஊராகப் பதிவு செய்தவை அப்பாடல்கள். 1955-இல் கொலம்பியா நிறுவனம் அவற்றை இசைத்தட்டாக வெளியிட்டது.

அரங்கில் பாடும் வித்துவான்களின் குரல் அதில் இல்லை. குடியானவர்களும் மீனவர்களும் வீட்டுப் பெண்களும் பாடுகிறார்கள். பெரும்பாலான பாடல்களுக்குப் பக்கவாத்தியம் கிடையாது. குரல் மட்டும் தனியே எழுந்து, ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி அசைந்து இறங்குகிறது. நம் கமகம் அன்று. ஆனால் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகவும் தோன்றவில்லை. இடையிடையே அயர்லாந்துத் துருத்திக் குழல் ஒலிக்கிறது. இதை வாயால் ஊதுவதில்லை. முழங்கையின் கீழ் வைத்த துருத்தியை அழுத்திக் காற்றூட்டுகிறார்கள். ‘ஜிக்’ என்னும் ஆட்டமெட்டு வந்தபோது, உடனிருந்த மிருதங்க மாணவர் ஒருவர் தம்மையறியாமல் தொடையில் ‘தகிட தகிட’ என்று திசிர நடையில் தட்டத் தொடங்கிவிட்டார்.

அதன் பின் ஒரு பாட்டு வந்தது. இறந்துபோன குழந்தைக்காக ஒரு பெண் பாடும் புலம்பல் அது. ஐரிய மொழியில் ஒரு சொல்லும் நமக்குத் தெரியாது. உள்ளறையில் பாக்கு நறுக்கிக்கொண்டிருந்த நண்பரின் பெரியம்மா எழுந்து வாசற்படிக்கு வந்து நின்றார். எண்பதைக் கடந்தவர், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். பாட்டு முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், “யாருய்யா செத்துட்டா?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி நம்மை அயர்லாந்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

1845-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. ஏழை மக்களுக்கு அதுவே உணவு. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர்; அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறி வெளியேறினர். அமெரிக்காவுக்குப் புறப்படும் பிள்ளையைப் பெற்றோர் மீண்டும் பார்க்கப்போவதில்லை. ஆகவே புறப்படுவதற்கு முந்தின இரவு, பிணத்துக்குக் காவலிருப்பது போலவே உறவினர் விடிய விடியக் கூடியிருப்பார்களாம். ஆட்டமும் பாட்டும் நடக்கும். விடியும் வேளையில் உயிரோடிருக்கும் பிள்ளையைச் சுற்றி நின்று புலம்புவார்களாம். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாளில் கரையில் நின்றவர்கள் எப்படி அழுதிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தமிழகத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்தது. அதே 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளுள் ஒன்பது, கோலா கங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு நடப்பட்டன. பஞ்சமும் ரப்பரும் ஒரே காலத்தில் வந்தது தற்செயல்தான். ஆயினும் பிற்காலத்தில் அந்த மரத்தடிக்கு வந்து நின்றவர்கள் பஞ்சத்தை அறிந்த மாவட்டங்களின் மக்கள் என்பதை மறப்பதற்கில்லை.

மக்கள் போனால் பாட்டும் போகும். ஆனால் ஐரிஷ் மக்கள் தம் பாட்டைப் போகவிடவில்லை. 1792-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெல்பாஸ்ட் நகரில் யாழ்க்கலைஞர்களின் விழா ஒன்று நடந்தது. அந்தக் கலை அழிந்துவருகிறது என்று கண்டு, எஞ்சியிருந்தவர்களை அழைத்தனர். வந்த ஐரிஷ் கலைஞர்கள் பத்துப் பேர், பலர் கண்பார்வையற்றவர்கள். மிக முதியவரான டெனிஸ் ஹெம்ப்சன் அப்போது 97 வயதினர் என்பர். நீண்ட நகங்களால் உலோகத் தந்திகளை மீட்டும் பழைய முறை அவரிடம் இருந்தது. அவர்கள் வாசித்ததை எழுத அமர்த்தப்பட்ட எட்வர்ட் பண்டிங்குக்கு வயது 19. அவர் மெட்டுகளை எழுதினார். ஐரிய மொழி தெரியாததால் சொற்களை விட்டுவிட்டார். பத்தாண்டுகள் கழித்துச் சொற்களைத் தேடி மற்றொருவரை ஊர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மெட்டைப் பிடித்தவர்கள் சொல்லை விடுவதும், சொல்லைப் பிடித்தவர்கள் மெட்டை விடுவதும் எல்லா நாட்டிலும் நடப்பதே போலும்.

அமெரிக்காவிலும் இந்த முயற்சி தொடர்ந்தது. சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக 1901 முதல் 1905 வரை இருந்த பிரான்சிஸ் ஓநீல், அயர்லாந்தில் பிறந்தவர். தம் படையிலிருந்த ஐரிஷ் காவலர்களையே பாடவும் வாசிக்கவும் சொல்லி, 1903-இல் 1,850 மெட்டுகள் அடங்கிய நூலை வெளியிட்டார். சுரம் எழுதத் தெரியாத அவருக்கு, அதே பெயருடைய கீழ்நிலை அதிகாரி ஒருவர் எழுதித் தந்தார். பின்னர் 1935-இல் அயர்லாந்து அரசு நாட்டுப்புற வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் சேகரிப்பாளர்கள் மெழுகு உருளையில் பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். அந்நாளில் அரசிடம் பணம் இல்லை. பேச்சை ஏட்டில் எழுதியதும் உருளையைச் சீவி மீண்டும் பயன்படுத்தினர். எழுத்து நின்றது, குரல் போயிற்று. ஆயினும் எழுத்தாவது நின்றதே!

மெட்டுகள் சில நேரம் தாமாகவே பயணம் செய்வதும் உண்டு. அவற்றைச் சுமந்து செல்ல ஒரு பேண்டு வாத்தியக் குழு இருந்தால் போதும். சென்னைக் கோட்டையின் குழுவினர் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர் (1775–1835), அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ‘நோட்டுஸ்வரம்’ என்று இன்றும் குழந்தைகள் பாடிப் பழகுகிறார்களே, அவைதாம். அவற்றுள் மீனாட்சியம்மை மீதான ஒன்றின் மெட்டு அயர்லாந்தின் ‘லிமரிக்’ என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர். மதுரை மீனாட்சிக்கு அயர்லாந்து மெட்டு!

கோலா கங்சாருக்கும் இத்தகைய கதை ஒன்றுண்டு. பிரிட்டிஷ் ஆலோசகர் பர்ச் 1875 நவம்பர் 2-ஆம் நாள் கொல்லப்பட்டதன் தொடர்பில், பேராக் சுல்தான் அப்துல்லா 1877-இல் செஷல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கு வழங்கிய பிரெஞ்சு மெட்டு ஒன்று அரச குடும்பத்தாரோடு பேராக்குக்கு வந்து மாநிலப் பண்ணாயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதே மெட்டு ‘தெராங் பூலான்’ என்னும் நிலவுப் பாட்டாகி நாடக மேடைகளில் உலவியது. 1947-இல் ‘மமுலா மூன்’ என்னும் ஆங்கில இசைத்தட்டாயிற்று. 1957-இல் ‘நெகாராகூ’ என்னும் தேசிய கீதமாயிற்று. எந்த இடத்திலும் அதை வாசிக்க வாத்தியம் இருந்தது. எழுதி வைக்கத் தாள் இருந்தது.

அதே பேராக்கில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற மக்களின் பாட்டுக்கு என்ன இருந்தது?

பாட்டுக்குக் குறைவில்லை. லயத்தில் தொட்டில் கட்டிய தாய்க்குத் தாலாட்டு இருந்தது. மாரியம்மன் திருவிழாவில் கும்மியும் உடுக்கைப் பாட்டும் இருந்தன. காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடிய விடிய லாவணி பாடினார்கள். கங்காணியையும் கிராணியையும் துரையையும் கிண்டல் செய்யும் தெம்மாங்குகள் இருந்தன. அவற்றை மங்கில் பால் சொட்டும் ஓசைக்கு நடுவே, தண்டல் காதில் விழாத தொலைவில் பாடுவார்கள். கித்தா, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால் என்று ஊரில் இல்லாத சொற்கள் ஊர் மெட்டுக்குள் புகுந்தன. தஞ்சைப் பக்கத்து நடவுப் பாட்டில் ரப்பர் மரம் முளைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தமிழகத்தில் இத்தகைய பாடல்களைத் திரட்டியவர்கள் உண்டு. சார்லஸ் கோவர் 1871-இலேயே தென்னிந்திய நாட்டுப்பாடல் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மு. அருணாசலம் 1943-இல் ‘காற்றிலே மிதந்த கவிதை’ தந்தார். பெர்சி மாக்குவீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டியவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, ‘மலையருவி’ 1958-இல் வெளிவந்தது. நா. வானமாமலையின் தொகுப்புகள் அதற்குப் பின் வந்தன. இலங்கை மலையகத்தில், தோட்டத்திலேயே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேயிலைத் தோட்டப் பாடல்களைத் திரட்டினார். மலேசியாவிலும் சில தமிழாசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தம்மால் இயன்றதைச் செய்திருக்கின்றனர். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தோட்டங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. ஐம்பதுகளில் துண்டாடல் தொடங்கியது. அதைத் தடுக்கச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீட்டு மனைகள் வந்தன. லயம் கலைந்தபோது கும்மிக்கு வட்டம் கூடவில்லை.

நாம் மீண்டும் அந்தப் பெரியம்மாவிடம் வருவோம். அயர்லாந்துப் புலம்பலைக் கேட்டவர், தம் தாயும் அப்படித்தான் பாடுவார் என்றார். உடனே ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்துப் பாடச் சொன்னோம். நம் அறியாமை! “சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பாங்களா?” என்று அவர் சற்றுக் கடிந்தே கேட்டார். நண்பரின் மனைவியும் முகம் சுளித்தார். இது மூடநம்பிக்கை என்று அன்று நம்முள் ஒருவர் வாதிட்டார். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பாட்டுக்கு உரிய இடமும் வேளையும் உண்டு என்பதை அறிந்தவர் அவர், அறியாதவர்கள் நாம்.

மறு மாதம் சென்றபோது அவரே சொன்னார்: ஆற்றங்கரைக்கு வந்தால் பாடுகிறேன் என்று. பேராக் ஆற்றங்கரையில் ஒரு மர நிழலில் அமர்ந்து பாடினார். அவருடைய மாமனுக்காக, அதாவது தாயின் தம்பிக்காக, தாய் பாடிவந்த ஒப்பாரி அது. ஜப்பானியர் ஆட்சியில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போன தமிழர்களுள் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் பொறித்திருக்கின்றன. நம் மக்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை.

அந்தப் பாட்டில் பெயர் இருந்தது. அவர் லாரியில் ஏறிய நாளின் கிழமை இருந்தது. போட்டிருந்த சட்டையின் நிறமும், அவர் விட்டுச் சென்ற உளியும், அவர் சீவிய மரவரிசையின் எண்ணும் இருந்தன. கூட ஏறியவர்களின் பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. நாம் எண்ணிப் பார்த்தோம், ஒன்பது. அந்த ஒன்பது பெயர்களும் சேர்ந்து வேறெந்தத் தாளில் இருக்கக்கூடும்?

பதிவில் காக்கைச் சத்தம் இருக்கிறது. அக்கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் ஓசையும் இருக்கிறது. பாட்டு ஓரிடத்தில் நின்று, இருமலுக்குப் பின் தொடர்கிறது. லோமாக்ஸின் தட்டில் இருக்கும் தெளிவு இதில் இல்லை.

வீடு திரும்பியதும் பெரியம்மா பின்கட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிய பிறகே உள்ளே வந்தார். பதிவின் உறையில் பாடியவர் பெயர் எழுத வேண்டுமே என்று கேட்டோம். தம் பெயர் வேண்டாம் என்றார். தாயின் பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டிக் காட்டச் சொன்னார். பிறகு அதன் கீழே மாமன் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் எழுதச் சொன்னார்.