முருகைக்கல் யாருக்குச் சொந்தம்?

வேல்சின் சிலேட்டு மலைகளுக்கு நிலப்பிரபுக்கள் இருந்தார்கள். 1900 முதல் 1903 வரை போராடிய பென்ரின் கற்குவாரித் தொழிலாளர்களுக்கு எதிராளி யாரென்று தெரிந்திருந்தது. இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, கல்குடாக் கரையில் முருகைக்கல் சுட்டவர்களுக்கு அப்படியொரு முகம் தெரியவில்லை. கல்லையும் விறகையும் அடுக்கிச் சூளை மூட்டினார்கள். வெந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் அது சீறி வெடித்து வெண்பொடியாகப் பூக்கும். சுவருக்கும் வெற்றிலைக்கும் வேண்டிய சுண்ணாம்பு அதுதான். உழைப்பு அவர்களுடையது, கல் அவர்களுடையதல்ல. உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் 1840ஆம் ஆண்டுச் சட்டம் முடிக்குரியதாகவே கொண்டது. 1992ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் கனிமங்களைக் குடியரசின் உடைமையாகவே வைத்தது.

அரசின் உடைமைதான் கடலிலுள்ள முருகைக்கற் பாரைக் காப்பாற்றியது என்று வாதிடலாம். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது உண்மை. பார் போனால் கரையை அலை அரிக்கும், மீனும் குறையும் என்பதால் அந்தத் தடை தேவையானதே. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உரிமை அரசிடம்தான் இருந்தது. அப்போதும் பார் உடைபட்டுக்கொண்டேயிருந்தது. ஆகவே உடைமைப் பத்திரத்தைவிட, எடுப்பதற்கு எல்லை வகுக்கும் விதிக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அந்த விதியை எழுதும்போது கரையில் வாழ்பவர்களுக்கும் குரல் வேண்டும். இன்று ஆற்றுமணல் அகழ அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போதும், கரை இடிந்தால் வயலை இழக்கப்போகும் விவசாயியை முதலில் கேட்கவேண்டும்.